தபாலட்டையில் வென்ற கறுப்பு

ஸ்ரீவராகம் குளப்படியில் மடக்குப் பலகையை விரித்து நான் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்கும் ஆட்டம் ஒன்று உண்டு. 1965 முதல் 1968 வரை நடந்த ஐந்தாவது உலக அஞ்சல்வழிச் சதுரங்கப் போட்டியில், சோவியத் வீரர் எஸ்திரினை அமெரிக்கர் ஹான்ஸ் பெர்லினர் கறுப்புக் காய்களுடன் 42 நகர்த்தல்களில் வென்ற ஆட்டம். திறப்பு, இரு குதிரைத் தற்காப்பு. அதை ஆராய்ந்து எழுதியவரே எஸ்திரின்தான்.

பத்தாவது நகர்த்தலில் என் கை நின்றுவிடும். கறுப்பின் குதிரை, மந்திரி இரண்டுமே வெள்ளைச் சிப்பாய்களின் வாயில். பெர்லினர் இரண்டையும் அப்படியே விட்டு, நடுச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். அடுத்த இரண்டாவது நகர்த்தலில் கோட்டை கட்டும் உரிமையும் போயிற்று. கடிகாரம் ஓடும் மேசையில் இது சூதாட்டம். வழக்கமாகப் பத்து நகர்த்தலுக்கு 30 நாள் தரும் அஞ்சல் ஆட்டத்தில் இது ஆராய்ச்சி.

இம்முறையின் பலம் அந்த அவகாசம். இன்னொன்று எளிமை: அட்டையில் 5254 என்று எழுதினால் போதும், வெள்ளை ராஜாவின் முன்சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்துவிடும், பாஷை வேண்டாம். இம்முறைக்கென்றே சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951-இல் பிறந்தது.

குறைகளும் அதே அவகாசத்திலிருந்தே வருகின்றன. ஒரு போட்டி மூன்று வருடம் இழுக்கும். பக்கத்தில் யார் யோசனை சொன்னார்கள் என்பதற்கு மனசாட்சி மட்டுமே சாட்சி. பெர்லினரின் தாக்குதலுக்கும் பின்னால் வந்தவர்கள் வெள்ளைக்கு மேலான பதில்களைக் கண்டார்கள். இன்று கூட்டமைப்பே கணினி உதவியை அனுமதிக்கிறது; உயர்மட்டப் போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் சமனில் முடிகின்றன.

ஆனாலும் 31-வது நகர்த்தலைப் பாருங்கள். தாக்குதல் ஓய்ந்து, ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும் மட்டுமே மிச்சம். அங்கே கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்து, தன் ராஜாவைப் பலகையின் நடுவே நடக்க விடுகிறது. வெற்றி அந்த நடையில்தான் வந்தது. கூர்மையான திறப்பு பழசாகலாம்; இந்தப் பொறுமை பழசாகவில்லை.

அதனால் சதுரங்கம் கற்கும் பிள்ளைகளுக்கு இம்முறை திரும்ப வேண்டும் என்கிறேன். கணினி வேண்டாம், நாளுக்கு ஒரு நகர்த்தல், அதற்கான காரணம் நோட்டில் ஒரு வரி. பதில் வரும்வரை ஒரு கேள்வியோடு குடியிருக்கப் பழகிய பிள்ளை, தோற்றாலும் யோசிக்கத் தெரிந்த பிள்ளை.