பாடம் நடந்த ஊரில் படம் பார்ப்பது

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெற்றோரின் பட்டியலில் கோல்டன் கேட் பாலம் இருக்கும், லேக் டாஹோ இருக்கும். டேவிஸ் இருக்காது. சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பல்கலைக்கழக ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 2016 நவம்பர் 13 அன்று மனெட்டி ஷ்ரெம் கலை மியூசியம் திறந்தது. யாருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு பல்கலைக்கழகம் புதிதாகத் திறக்கும் மியூசியத்தில் முதல் கண்காட்சியையும், அதைச் சுற்றி நடக்கும் உரைகளையும் பட்டறைகளையும் எப்படி ரசிப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதல் கண்காட்சி என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதை வேண்டுமானாலும் மாட்டியிருக்கலாமே, ஏன் இதை மாட்டினார்கள்? நியூயார்க்கிலிருந்தோ பாரிஸிலிருந்தோ பெரிய பெயர்களை இரவல் வாங்கிக் கூட்டம் சேர்த்திருக்கலாம். டேவிஸ் அதைச் செய்யவில்லை. தன் கலைத்துறையின் முதல் தலைமுறை ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரின் படைப்புகளை ‘அவுட் அவர் வே’ என்ற பெயரில் வைத்தது. இது பண்ணைத் தொழில் கற்பிக்கும் இடமாகத் தொடங்கிய பல்கலைக்கழகம். அங்கே ரிச்சர்ட் நெல்சன் என்பவர் கலைத்துறையைக் கட்டியெழுப்பி, அப்போது பெரிதாகப் பெயர் வாங்காத ஓவியர்களையும் சிற்பிகளையும் ஆசிரியர்களாகச் சேர்த்தார். வெய்ன் டீபோ, ராபர்ட் ஆர்னிசன், வில்லியம் வைலி, மானுவல் நேரி, ராய் டி ஃபாரெஸ்ட் எல்லோரும் அப்படி வந்தவர்கள். இது தெரிந்துவிட்டால் பார்க்கிற விதமே மாறிவிடும். சுவரில் இருந்தவை வாத்தியார்கள் வகுப்பு நேரம் போக மற்ற நேரத்தில் செய்தவை. பக்கத்து அறையில் அவர்களிடம் படித்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்று தேடத் தோன்றும்.

டீபோவை எடுத்துக்கொள்வோம். 1960இல் டேவிஸுக்கு வந்தவர். மியூசியம் திறந்தபோது 96 வயதை எட்ட இரண்டு நாள்தான் பாக்கி. கேக், பை, மிட்டாய் வரைந்தவர் என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். நகராதீர்கள். முதலில் நாலடி தள்ளி நில்லுங்கள். கடைக் கண்ணாடிக்குள் வரிசையாக அடுக்கிய தின்பண்டம் தெரியும். பிறகு ஒரு முழம் தூரத்துக்கு வாருங்கள். கேக்கின் மேல் பூசிய க்ரீம், க்ரீம் போலவே தடிமனாகக் குழைத்து இழுத்த எண்ணெய் வண்ணம். தூரிகை போன தடம் அப்படியே நிற்கும். இப்போது தட்டின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தட்டுக்கு ஒரே ஒரு கோடு போட்டிருக்க மாட்டார். ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று மெல்லிய கோடுகள் ஒட்டி ஒட்டி ஓடும். நிழல் கறுப்பாக இருக்காது, பளிச்சென்ற நீலமாக இருக்கும். மறுபடி நாலடி பின்னால் போனால் அந்தக் கோடுகளெல்லாம் மறைந்து, தட்டு வெயிலில் இருப்பதுபோல் மின்னும். இந்த முன்னும் பின்னும் நடையைத்தான் ரசனை என்கிறேன். அதற்குக் கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை, கால் இருந்தால் போதும். தொடக்க நிலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதை விரும்பியவர் டீபோ. ஓய்வு பெற்ற பிறகும் வகுப்பை விடவில்லை. 2021இல், 101 வயதில் காலமானார்.

இந்த மியூசியத்தின் சேகரிப்பில் உள்ள இன்னொரு பொருள் எனக்கு டீபோவின் தின்பண்டங்களைவிடவும் பிடித்தது. மரத்தில் செய்து பச்சை லினோலியம் ஒட்டிய ஒரு சாய்வுப் படி. காலை வைத்தால் வழுக்கும், உட்காரவும் முடியாது. 1965இல் வைலியும் அவருடைய மாணவர் ப்ரூஸ் நௌமனும் மில் வேலி என்ற ஊரில், ஒரு பழைய சாமான் கடையில் கண்டுபிடித்தது. எதற்குப் பயன்படும் என்று இருவருக்கும் புரியவில்லை, புரியாததே அவர்களைப் பிடித்து இழுத்தது. மறு ஆண்டே அந்தப் படியை வைத்துப் பல கலைஞர்கள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். நௌமன் பின்னாளில் உலகறிந்த கலைஞரானார். அவர் ஓவியம் வரைவதையே விட்டவர். டீபோவுக்கு உதவியாளராக இருந்த இந்த மாணவர் தூரிகையைக் கீழே போட்டார், துறை அதைத் தடுக்கவில்லை. இதைப் படமாக மாட்ட முடியாது. யாராவது சொன்னால்தான் தெரியும். உரைகளும் சுற்றிக்காட்டல்களும் அதற்காகத்தான் இருக்கின்றன.

உரைக்குப் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அரைமணி முன்னாலேயே போய், பேசப்போகும் படைப்பைத் தனியாகப் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை அப்போது படிக்க வேண்டாம். உரை முடிந்ததும் எல்லோரும் வாசலைப் பார்த்து நடக்கும்போது நீங்கள் மட்டும் திரும்பி அதே படைப்பின் முன்னால் நில்லுங்கள். முதலில் கண்ணில் படாதது இப்போது படும். மாணவர்கள் சுற்றிக்காட்டினால் இன்னும் நல்லது. “இங்கே உங்களுக்குப் பிடிக்காதது எது, ஏன்?” என்று கேளுங்கள். ஒப்பிப்பது நின்றுவிடும், அந்தப் பிள்ளை தானாகப் பேச ஆரம்பிக்கும்.

பட்டறைகளை நம்மவர்கள் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வாசலில் போனோடு உட்காராதீர்கள். களிமண்ணைக் கையில் எடுத்து ஒரு முகம் செய்து பாருங்கள். மூக்கு தொங்கும், காது விழும். ஈரம் போகாமல் தடிமனாக விட்டால் சூளையில் வெடித்துச் சிதறும். பிறகு ஆர்னிசனின் சுடுமண் தலைகளைப் பார்த்தால், மண்ணைச் சட்டி பானைக்கு மட்டுமானது என்று நினைத்த காலத்தில் அந்த மனிதர் என்ன துணிச்சலோடு வேலை செய்தார் என்று கை வழியாகப் புரியும். அவர் வேலை செய்ததும் பாடம் எடுத்ததும் ‘தற்காலிகக் கட்டடம் 9’ என்ற தகரக் கொட்டகையில்.

கட்டடத்தையும் பார்க்க மறக்க வேண்டாம். சோ-இல், போலின் சிவின்ஸ்கி ஜாக்சன் என்ற இரு நிறுவனங்கள் வடிவமைத்தது. 50,000 சதுர அடி அலுமினியப் பந்தல் ஒன்று, சுற்றியுள்ள வயல்களின் உழவுச் சால்களை நினைவூட்டும்படி, கோடு கோடாக மேலே விரிந்திருக்கிறது. காலையில் ஒரு தரமும் சாயங்காலம் ஒரு தரமும் தரையில் விழும் நிழலைப் பாருங்கள்.

முதல் கண்காட்சி 2017 வசந்தத்தில் முடிந்துவிட்டது. ஆனால் புதிய கண்காட்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன, பார்க்கும் இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும். டீபோவின் ‘பைஸ், பைஸ், பைஸ்’ ஓவியம் பக்கத்து ஊரான சாக்ரமெண்டோவின் கிராக்கர் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஃப்ரீமாண்ட் நகரில் கேபிடல் காரிடார் ரயில் ஏறினால் டேவிஸில் இறங்கலாம். மியூசியத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். ஷீல்ட்ஸ் நூலகத்தின் முன்னால் ஆர்னிசனின் முட்டைத் தலைச் சிற்பம் ஒன்று புத்தகத்தில் முகம் புதைத்துக் கிடக்கிறது, பரீட்சைக்கு முன் மாணவர்கள் அதன் மூக்கைத் தொட்டுவிட்டுப் போவார்கள். போகிற நாளில் மியூசியம் திறந்திருக்கிறதா, உரை ஏதும் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.