சொன்னபடி மடித்த கொக்கு

அலுவலகத்தில் ஓரிகாமிப் பட்டறை நடத்துவதற்கு ஆதரவாக அகிரா யோஷிசாவாவை இழுத்து வருவார்கள். டோக்கியோ தொழிற்சாலையொன்றில் இளம் ஊழியர்களுக்கு வடிவியல் சொல்லித்தரக் காகிதம் மடித்தவர் அவர். ஆகவே இந்தக் கலை கம்பெனிக்குப் புதிதல்லவாம். 1937இல் அவர் அந்த வேலையை உதறிவிட்டு முழுநேரமும் மடிக்கப் போனார் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

பட்டறையால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். செலவு குறைவு. கயிறு இழுக்கும் போட்டியைப்போல முதுகுவலிக்காரரை ஓரங்கட்டாது. மேலாளரின் விரல் தடுமாறுவதைப் புதிதாகச் சேர்ந்த பெண் பார்த்துச் சிரிக்கலாம். ஒரு மணி நேரம் கைப்பேசிகள் கவிழ்ந்து கிடக்கும்.

ஆனால் இதைப் படைப்பாற்றல் பயிற்சி என்று விற்கிறார்களே, அதைத்தான் என்னால் என்றைக்கும் ஏற்க முடிந்ததில்லை. பயிற்சியாளர் முன்னால் நின்று மூலையை மூலையோடு சேர்க்கச் சொல்கிறார், திருப்பச் சொல்கிறார், நகத்தால் அழுத்தச் சொல்கிறார். எல்லோரும் ஒரே கொக்கைச் செய்கிறார்கள். யாருடையதாவது வேறுமாதிரி வந்தால் அது தப்பு, பிரித்துத் திரும்ப மடிக்க வேண்டும். அந்தக் கொக்கைப் பற்றிய முடிவுகளெல்லாம் எப்போதோ எடுக்கப்பட்டவை. ஒட்டிப்பிறந்த கொக்குகளை மடிக்கும் முறைகள் 1797இலேயே கியோட்டோவில் நூலாக அச்சேறிவிட்டன. புதிதாக ஒரு வண்டை வடிவமைக்கையில், அதன் ஆறு காலுக்கும் கொம்புக்கும் தாளில் எங்கே, எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று கணக்குப் போடும்போதுதான் படைப்பு நடக்கிறது. ஓரிகாமிக் கலைஞர் ராபர்ட் லாங் அதற்கென்று மென்பொருளே எழுதினார். பட்டறையில் அந்தக் கட்டத்தின் வாடைகூட இராது.

பல துண்டுகளைக் கோக்கும் மடிப்பு வகை இருக்கிறதே என்பார்கள். ஜெனீன் மோஸ்லி 66,048 விசிட்டிங் கார்டுகளைப் பலர் கையால் மடிக்கவைத்து, 2005இல் மெங்கர் கடற்பஞ்சு என்ற கணித உருவத்தைக் கட்டி முடித்தார். அருமையான கூட்டுழைப்பு! ஆனால் திட்டம் ஒருவர் தலையில், மடிப்பு பலர் கையில். அலுவலகத்தில் திங்கள் முதல் வெள்ளிவரை நடப்பதும் அதுதானே, அதற்குச் சனிக்கிழமை வேறு எதற்கு?

கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து விழுகிறது என்பதும் சாட்சியல்ல. நார்ட்டன், மோச்சோன், ஏரியலி மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாதவர்கள் தாங்கள் மடித்த கோணல் உருவங்களுக்கு நிபுணர் மடித்தவற்றுக்குக் கிட்டத்தட்ட ஈடான விலை வைத்தார்கள். மற்றவர்கள் அவற்றுக்கு மிகக் குறைந்த விலையே வைத்தார்கள்.

உண்மையிலேயே படைப்பாற்றலைப் பழக்க வேண்டுமானால், மதராஸில் 1893இல் வெளிவந்த சுந்தர ராவின் காகித மடிப்பு வடிவியல் நூலிலிருந்து ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அளவுகோல் இல்லாமல், சதுரத் தாளிலிருந்து சமபக்க முக்கோணம். நான்கு பேருக்கு ஒரே தாள், விடை தெரிந்த பயிற்சியாளர் அறைக்கு வெளியே. வாக்குவாதம் வரும், தாள் கிழியும், நேற்றுச் சேர்ந்தவர் மேலாளரை மறுத்துப் பேசுவார். எச்.ஆர். இதை வாங்காது. மாலையில் குழுப்படம் எடுக்கவேண்டும். கிழிந்த தாளைப் பிடித்துக்கொண்டா நிற்பது?