ஒரே அச்சில் வார்த்த இரு வானோட்டங்கள்

தண்டவாளம் தலைக்கு மேலே இருக்க, பெட்டி அதன் அடியில் தொங்கியபடி ஓடுவதால் பயணியின் கால்கள் அந்தரத்தில் ஆடும் ரோலர் கோஸ்டருக்கு 'இன்வர்டட்' வகை என்று பெயர். சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம் 1992இல் அமெரிக்காவின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவில் அமைத்த 'பேட்மேன்: தி ரைடு' இவ்வகையின் முன்னோடியாகும். ஐந்து முறை தலைகீழாகச் சுழலும் அதே வடிவம் பின்னர் பல பூங்காக்களில் அப்படியே வார்க்கப்பட, செயின்ட் லூயிஸில் மட்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடவலம் மாறி எழுந்தது.

நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் 1994இல் 'எல் காண்டோர்' வழியே அறிமுகப்படுத்திய இன்வர்டட் வடிவமும் ஐந்து முறையே சுழல்கிறது. ஆயினும் வரிசைக்கு இருவரை ஏற்றும் அதன் குறுகிய பெட்டி, திருப்பங்களில் உதறும்போது, தோள்மீது இறங்கும் கடினத் தடுப்பில் காதும் கன்னமும் மோதுகின்றன. பிற்காலப் பெட்டிகளில் வந்த மென்மையான மார்புக்கச்சை இக்குறையை வெகுவாகத் தணித்தது. வரிசைக்கு நால்வர் அமரும் பேட்மேனோ, தக்கையைத் திருகுவதுபோன்ற சுழற்சியிலும் உடலை உலுக்காமல், பாதங்களை மட்டும் கனக்கச் செய்து வளைவை முடிக்கிறது. படிவார்ப்பிலும் கைத்திறன் குன்றாது என்பதற்கு இதனினும் அழகிய சான்று அரிது.

ஜப்பானில் பிறந்த பேட்மேனின் ஒரு பிரதி, நியூ ஆர்லியன்ஸின் பூங்கா ஒன்றுக்குப் பெயர்ந்து, 2005இல் கத்ரீனா புயல் அப்பூங்காவை மூடிய பின், 2008 முதல் டெக்சாஸில் 'கோலியாத்' என்ற பெயரில் ஓடிவருகிறது.