கூலி: ஒரு சொல்லின் புலப்பெயர்வு

ஆங்கிலத்தில் 'கூலி' என்பது ஆளைக் குறிக்கும் சொல். தமிழில் அஃது ஆள் பெறும் ஊதியத்தைக் குறிக்கும். சிறிதெனத் தோன்றும் இவ்வேறுபாட்டினுள் மலையக மக்களின் வரலாற்றிற் பெரும் பகுதி அடங்கியுள்ளது எனலாம்.

இச்சொல்லின் பிறப்புப் பற்றி அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' சொற்களஞ்சியம், குஜராத்தின் கோலி என்னும் குலப்பெயரையும் தமிழ்க் 'கூலி'யையும் ஒருங்கே ஆராய்கின்றது. வேர் எதுவாயினும், தமிழில் இச்சொல் இழிவுப் பொருளில் தோன்றியதன்று. உடல் வருந்த முயன்றார்க்கு அம்முயற்சி ஈட்டித்தரும் பயனையே வள்ளுவர் 619ஆம் குறளில் இச்சொல்லாற் சுட்டுகின்றார். கூலி பெறுபவனைக் குறிக்கக் 'கூலியாள்', 'கூலிக்காரன்' எனப் பிறிதொன்று கூட்டியுரைப்பதே நம் மரபு. கூட்டப்பெறும் அவ்வுறுப்பே மனிதனுக்குரிய இடம். ஆங்கில வழக்கு அவ்விடத்தை ஒழித்தது. ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராயிற்று.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்தோர் இப்பெயராலேயே வழங்கப்பட்டனர். துரைமார் கற்பதற்கென வெல்ஸ் என்பார் எழுதிய கையேடு அவர்தம் பேச்சையும் 'கூலித் தமிழ்' என்றது. தென்னாபிரிக்காவிலே காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். கற்ற கல்வியும் அப்பெயரை அகற்றவில்லை. ஆதலின், 1931இல் கோ. நடேசய்யர் ஹற்றனிற் சம்மேளனம் அமைத்துத் 'தொழிலாளர்' எனும் சொல்லை நிலைநாட்டியமை வெறும் சொல் மாற்றமன்று. இழந்த இடத்தை மீட்ட செயலாகும்.

இந்நிலையில், மு. நித்தியானந்தன் மலையக இலக்கியம் பற்றிய தமது நூலுக்கு 2014இற் 'கூலித்தமிழ்' எனப் பெயரிட்டமை இழிசொல்லுக்கு மீண்டும் உயிரூட்டாதோ என வினவலாம். ஊட்டாது என்பதே எமது துணிபு. துரைமார் இட்ட பெயரை ஆய்வுப் பொருளாக்கும்போது, விசாரிக்கப்படுபவர் பெயரிட்டவரே. மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லியும் 1990களில் இச்சொல்லினின்றே 'கூலித்துவம்' எனும் கருத்தாக்கத்தை உருவாக்கினார்.

எனினும், சொல்லை மீட்டதோடு திறனாய்வாளர் பணி முடிந்ததெனக் கொள்ளலாகாது. குறித்த அளவு கொழுந்து பறியாத பெண்ணுக்குத் தோட்டத்தில் 'அரைப் பேர்' போடுதல் உண்டு. பேர் என்பது ஆண்டு ஒரு நாட் சம்பளம். அரைப் பேர் அதிற் பாதி. ஆங்கிலம் கூலியை மனிதனின் பெயராக்கிற்று. தோட்டக் கணக்கோ மனிதரின் பெயரையே கூலியாக்கிப் பாதியாகவும் குறைக்கின்றது. நீண்ட போராட்டத்தின் பின்னர் 2021இலேதான் நாட்சம்பளம் 1000 ரூபாவாக விதிக்கப்பட்டது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எனவே, மலையக எழுத்தை மதிப்பிடுவோர் இழிசொல்லின் வரலாற்றை மட்டுமன்றி, 'பேர்' போன்ற நடப்புச் சொற்களையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வள்ளுவர் சுட்டிய பொருளிற் கூலி முழுமையாகக் கிட்டும்வரை அச்சொல்லின் வரலாறு நிறைவுறாது.