மேடைப்பாட்டின் மெய்ம்மை

விழாமேடையில் பாடுவோர் மெய்யாகவே பாடுகின்றனரா, கருவி இசைப்போர் மெய்யாகவே இசைக்கின்றனரா என்னும் ஐயம் இக்காலத்துப் பரவலாக எழுந்துள்ளது. முன்னரே பதிவு செய்த இசையை ஒலிபெருக்கிவழிச் செலுத்தி, அதற்கேற்ப வாயசைத்தலும் விரலசைத்தலும் இன்று அரிய செய்திகள் அல்ல. இவ்வையத்தைச் செய்தித்தாளுக்குரிய பொருளெனக் கருதி விடுத்தல் தமிழாராய்ச்சிக்குப் பொருந்தாது. முத்தமிழுள் இசையும் நாடகமும் அவைமுன் நிகழ்வன. ஆகலின், நிகழ்தல் என்பது யாது என்னும் வினா நம் துறைக்கே உரியதாம். அதனை விருதுநகர், சிவகாசி வட்டாரத்து மேடைமரபையும், சிறப்பாக அவ்வட்டாரம் தந்த நாடகக் கலைஞர் ஒருவரையும் முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

இவ்வையத்துள் மூன்று வினாக்கள் தம்முள் மயங்கிக் கிடக்கின்றன. கேட்கும் குரல் யாருடையது என்பது ஒன்று. அஃது எப்பொழுது எழுந்தது என்பது மற்றொன்று. அவையை நோக்கி அது மாறவல்லதா என்பது பிறிதொன்று. 1990 பிப்ரவரியில் கிராமி விருது பெற்ற மில்லி வனில்லி என்னும் இருவர் குழு, இசைத்தட்டில் ஒலித்த குரல் தமதன்று என்பது வெளிப்பட்டமையால் அவ்வாண்டு நவம்பரிலேயே விருதை இழந்தது. 2009 சனவரி 20 அன்று ஒபாமா அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற விழாவில் யோ-யோ மா, இட்சாக் பெர்ல்மன் உள்ளிட்ட நால்வர் இசைத்தனர். கடுங்குளிரில் கருவிகளின் சுருதி நில்லாது என்னும் அச்சத்தால், தாமே முன்னாளில் பதிந்த இசையை மக்கள் கேட்கச் செய்தனர். முன்னதில் குரலின் உரிமை பிழைத்தது. பின்னதில் உரிமை பிழைக்கவில்லை, காலம் ஒன்றே பிழைத்தது. இரண்டினையும் ஒரே குற்றமாக எண்ணுதல் நேர்மையன்று. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. எதிரே இருக்கும் அவை எத்தன்மையதாயினும் அவ்விசை மாறாது என்பதே அது. இம்மூன்றாம் வினாவே மேடையிசையின் மெய்ம்மையைத் துணிதற்குரிய அளவுகோல் என்பது நம் கருத்து.

இக்கருத்து நம் பழைய நூல்களுக்குப் புறம்பானதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவர்க்கும் தனித்தனியே இலக்கணம் கூறுகின்றது. அங்கே குழலிசையைக் கேட்டு யாழ் இயங்குகின்றது. யாழைக் கேட்டுத் தண்ணுமை இயங்குகின்றது. ஒருவர் ஒலியை மற்றவர் செவி ஏற்று மறுமொழி தருதலே ஆண்டுக் கூறப்படும் ஒத்திசைவு. கானல்வரியோ இதனை மேலும் ஆழமாகக் காட்டுகின்றது. கோவலன் யாழிசைத்துப் பாடுகின்றான். அப்பாட்டில் வேறொருத்தியின்பால் அவன் கொண்ட வேட்கையைக் கண்டதாக எண்ணிய மாதவி, அதே யாழை வாங்கித் தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். அவன் பிரிந்து செல்கின்றான். அவ்விரு பாடல்களும் முன்னரே முடிவு செய்து ஒப்பிக்கப்பட்டனவாயின் காப்பியத்தின் போக்கே இல்லையாகும். கேட்டவர் பாடியவராக மாறியமையாலன்றோ கதை திரும்பியது!

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். தென்மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் என வழங்கும் இசைநாடகத்திற்கு ஒரு தனியியல்பு உண்டு. நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பெற்று, ஒத்திகை இன்றி, அவ்விரவில் மேடையிலேயே ஒருங்கு கூடுவர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த பாடல்கள் அனைவருக்கும் மனப்பாடம். ஆனால் பாடல்களுக்கு இடையே எழும் தருக்கமும், அடுத்தவர் எடுக்கும் போக்கிற்கேற்ற விடையும் மேடையிலே பிறப்பன. ஆர்மோனியக்காரர் நடிகரின் முகம் நோக்கியே இசை தருவார். மரபான பாட்டும் உடனடி மறுமொழியும் கலந்த இவ்வடிவமே விசுவநாததாஸ் கைக்கொண்ட வடிவமாகும்.

1886-இல் சிவகாசியில் பிறந்து, பின்னர்த் திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், புராண நாடகங்களுள் நாட்டு விடுதலைப் பாடல்களைப் புகுத்திப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். நாடகங்களைக் கட்டுப்படுத்த 1876-ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசு ஒரு சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் வள்ளி திருமணத்தின் கதையில் அரசு தடுத்தற்குரியது யாது? தினைப்புனம் காத்தலும் பறவை ஓட்டுதலும் அக்கதையின் கூறுகள். அப்பறவைகளுள் வெள்ளைக் கொக்கு ஒன்று பாட்டாக வந்து சேருமாயின், ஏட்டளவில் அது கொக்கே. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றியதாகக் கூறப்பெறும் அக்கொக்குப் பாட்டை விசுவநாததாஸ் பாடியபோது, அவையோர் அதனை வெள்ளையர் மீது பாடியதாகவே கொண்டனர். அப்பொருளை நிறைவித்தது ஏடு அன்று. பாடகரின் குரலும் அவையின் ஆரவாரமும் கூடிய அக்கணமே. காவலர்க்கும் இவ்வுண்மை விளங்கியிருந்தது. ஆகலின் அவர்கள் நாடக நூலைப் பிடிக்கவில்லை, பாடியவரைப் பிடித்தனர். தான் பாடியதற்குத் தானே பொறுப்பேற்று நின்ற குரல் அஃது. 1940 திசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அவ்விறப்பைப் போற்றுவோர் பலர். ஆனால் அவர் புகழுக்குரிய காரணம் மேடையில் இறந்தமை அன்று, மேடையில் அவையோடு உயிர்த்திருந்தமையே என்போம்.

ஈண்டு ஒரு தடை எழும். பிறர் குரலுக்கு ஒருவர் ஆடுதல் நம் மரபிலேயே உண்டன்றோ? தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர் பாடுகின்றனர். தோற்பாவைக் கூத்தில் தோலுருவங்களுக்குத் திரைப்பின் இருப்பவர் குரல் தருகின்றார். தமிழ்த்திரையில் பின்னணிப் பாடல் முறையைத் தொடங்கிவைத்தது 1938-இல் வெளிவந்த நந்தகுமார் என்பர். அதன்பின் நடிகர் வாயசைத்தலை யாரும் ஏமாற்று எனக் கருதவில்லை. அங்ஙனமாயின் விழாமேடை வாயசைப்பு மட்டும் குற்றமாவது எவ்வாறு?

இத்தடை வலியுடையதே. ஆனால் அது தகர்ப்பது முதல் வினாவை மட்டுமே. குரல் யாருடையது என்பது மேடையின் மெய்ம்மைக்கு இன்றியமையாத அளவுகோல் அன்று என்பதை அது நிறுவுகின்றது. அதனை நாம் உடன்படுகின்றோம். கூத்தன் அடியை நீட்டினால் பின்பாட்டும் நீள்கின்றது. குழந்தைகள் சிரித்தால் பாவைக்கூத்தர் அந்நகைச்சுவையை மீண்டும் எடுக்கின்றார். குரல் இரவலாயினும் அது செவியுடைய குரல். திரைப்படமோ தன்னைப் பதிவென்று அறிவித்தே நம்முன் வருகின்றது; அவையை நோக்கி மாறுவதாக அஃது உறுதி கூறுவதில்லை. விழாமேடை அவ்வுறுதியைக் கூறுகின்றது. கூறிவிட்டு, செவியில்லாத ஒலியை அவைமுன் நிறுத்துமாயின் அதுவே பிழையாகும்.

இவ்வளவுகோலை நம் ஆராய்ச்சிமீதும் செலுத்துதல் வேண்டும். விடுதலைக்கால நாடக மேடையைப் பற்றி நாம் எழுதுவன பெரும்பாலும் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களையும் கிராமபோன் தட்டுகளையும் சான்றாகக் கொண்டவை. சு. தியடோர் பாஸ்கரன் 1981-இல் தம் ஆங்கில நூலில் அம்மேடையின் அரசியல் வரலாற்றை வெளிக்கொணர்ந்தார். அவ்வழியே பல சான்றுகள் கிடைத்தன. ஆனால் அக்காலத்துத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிட இசையையே கொள்ளும். இரவு முழுதும் நிகழ்ந்த நாடகத்தில், அவை வேண்ட மும்முறை பாடப்பெற்ற பாட்டும் தட்டில் ஒருமுறையே ஒலிக்கும். எஞ்சிய ஏட்டையும் தட்டையும் நிகழ்ச்சியே எனக் கொண்டு திறனாய்தல், வாயசைப்பை மெய்ப்பாட்டென மயங்கும் அவையின் பிழையை ஒத்ததே. சான்று வேறு, நிகழ்ச்சி வேறு. சான்றிலிருந்து அவையை உய்த்துணர்தலே ஆய்வாளர் கடன்.

அவ்வுணர்வைப் பெறுதற்கு இன்றும் இடமுண்டு. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடியில் ஆடிக் கடைவெள்ளி முதலிய விழாக்கள் இவ்வட்டாரத்தின் பேரவைகள். சிற்றூர்க் கொடைவிழாக்களும் பல. கரகாட்டத்திற்கு நையாண்டி மேளம் முழங்குமிடத்துத் தவிற்காரர் கண்கள் ஆடுவோரின் காலடியை விட்டு அகலா. அடி பிந்தினால் அடிப்பும் பிந்தும். அடி துள்ளினால் உருமியும் பம்பையும் உடன் துள்ளும். இதற்கு மாறாக, கோயில்களில் மின்விசையால் இயங்கும் மணியும் முரசும் பூசைவேளையில் தாமே ஒலிக்கின்றன. தீபாராதனை விரைந்தாலும் தாழ்ந்தாலும் அவற்றின் அடிப்பு ஒன்றே. மனிதர் பலர் வாசித்த இடத்தில் பொறி ஒன்று நிற்பது கலைஞரின் பிழைப்பைக் குறைக்கின்றது என்பது உண்மை. அதனினும் நுண்ணிய இழப்பும் ஒன்றுண்டு. தன்னைக் கேட்டு மறுமொழி தரும் இசையைக் கேளாத அவை, நாளடைவில் தானும் மறுமொழி தரும் ஆற்றலை இழக்கும். கொக்குப் பாட்டில் வெள்ளையரைக் கண்ட செவி அத்தகைய அவையில் உருவாதல் அரிது.

சிவகாசி இரு தொழில்களால் பெயர் பெற்றது. அச்சுத்தொழில் ஒன்றைப் பல்லாயிரமாகப் படியெடுக்கின்றது. வெடித்தொழில் செய்யும் வாணமோ ஒருமுறையே எரிகின்றது. இரண்டும் ஊருக்கு வேண்டுவனவே. படியை எரிவாணம் என விற்றலே தகாது. ஆதலின் இளம் ஆய்வாளர்க்கு நாம் வேண்டுவது ஒன்றே: மேடையிசையை ஆராயப் புகுவோர் பதிவுகளைக் கேட்பதோடு அமையாது, விழாவிரவில் அவையின் நடுவே சென்று அமர்க. பாடுவோர் அவைக்குச் செவிகொடுக்கின்றனரா என்பதை முதற்கண் குறித்துக்கொள்க. மற்றைய ஆராய்ச்சி அதன்பின் தொடரலாம்.