சிறைக்குள் ஒரு நல்ல நாள்

அலெக்சாந்தர் சோல்செனித்சின் 1962-இல் வெளியிட்ட ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ என்னும் குறுநாவலில் தப்பியோட்டம் இல்லை, பெருங்கிளர்ச்சி இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்டவாளத் துண்டை அடித்தெழுப்பும் ஓசை முதல் இரவு கண்ணயரும் வரை, சோவியத்து உழைப்பு முகாமொன்றில் ஷூகோவ் என்னும் கைதி கழிக்கும் ஒரு நாளே கதை. ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுத் தப்பி வந்ததே அவன் குற்றம். ஒற்றன் என்று ஒப்பாவிடில் சாவு என்றறிந்து கையொப்பமிட்டவனுக்குப் பத்தாண்டுத் தண்டனை.

1930 முதல் 1953 வரை அம்முகாம்களுக்குள் சென்றோர் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. அவ்வெண் மனத்தில் நிற்பதில்லை. அலுமினியக் கம்பியை உருக்கித் தானே வார்த்த கரண்டியைக் காலணிக்குள் செருகித் திரியும் ஷூகோவ் நிற்கிறான்.

நூலில் பலரும் போற்றுவது அவன் சுவர் எழுப்பும் பகுதி. வேலை முடிந்ததற்கான ஒலி எழுந்த பின்னரும், குழைத்த சாந்து வீணாகலாகாதென்று அவன் கல் அடுக்குகிறான். (ஆசிரியரே எகிபஸ்தூஸ் முகாமில் கொத்தனாராய் உழைத்தவர்.) வகுப்பறையில் இதனை உழைப்பின் உயர்வுக்குச் சான்றாக்கும் விருப்பம் எளிதில் எழும், அதற்கு இடங்கொடுத்தல் தகாது. குழு முடித்த வேலையின் அளவுக்கேற்பவே குழுவினர்க்கு ரொட்டி அளக்கப்படுகிறது. ஒருவன் சோம்பினால் அனைவர் வயிறும் காயும். ஆதலின் காவலரின் சாட்டைக்கு வேலையில்லை. கைதியே கைதியை விரட்டுகிறான். ஆயினும், நேராக எழுந்த சுவரைத் திரும்பிப் பார்க்கையில் அவன் கொள்ளும் இன்பத்தைப் பொய்யென்றும் தள்ளுவதற்கில்லை. இரண்டையும் ஒருங்கே காட்டியதே சோல்செனித்சினின் வெற்றி.

கோலிமா முகாம்களில் பல்லாண்டு வதைபட்ட எழுத்தாளர் வர்லாம் ஷலாமோவ், இந்நூலைப் பாராட்டி எழுதிய மடலிலேயே ஓர் ஐயத்தையும் எழுப்பினார். மருத்துவ விடுதிப் பக்கம் பூனை உலவுகிறதே, மெய்யான முகாமாயின் அதனை எப்போதோ தின்றிருப்பார்களே என்பது அவர் வினா. பசியின் அடித்தளத்தைக் கண்டவர்க்கே தோன்றும் வினா அது. எனினும் விடை நூலுக்குள்ளேயே கிடக்கிறது. ஷூகோவ் முன்னர் உஸ்த்-இஷ்மா முகாமில் இருந்தவன். 1943-இல் ஸ்கர்வி நோயால் பற்களை இழந்தது அங்கேதான்; அக்கரண்டியை வார்த்ததும் அங்கேதான். பற்போன அவ்வாயால் கூடுதலாகக் கிடைத்த ஒரு கிண்ணக் கஞ்சியை மெல்லச் சுவைத்துவிட்டே, அன்றைய நாளை நல்ல நாளென்று எண்ணி உறங்கப் போகிறான்.