காயம் கட்டிய கைகள்

அரியலூரை அடுத்த கீழப்பழுவூரின் சிவன்கோயிற் கல்வெட்டொன்று ஒரு போரைச் சொல்கிறது. பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டுக்குரியது அது. பாண்டியனும் அவனுக்குத் துணைவந்த ஈழத்துப் படையும் வெள்ளூரில் சோழனை எதிர்த்ததும், பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் சோழன் பக்கம் நின்று பொருததும், வெற்றியின் பொருட்டுக் கோயிலுக்கு விளக்கு வைக்கப்பட்டதும் அதில் உள்ளன. வென்றவர் பெயர் உண்டு, விளக்கும் உண்டு. களத்தில் வீழ்ந்து உயிரோடு கிடந்தவர்களை யார் தூக்கினார், யார் கழுவினார், யார் தைத்தார் என்பது இல்லை. கல்வெட்டின் வேலை அதுவன்று. ஆனால் இலக்கியமும் அதே வழியிலன்றோ போயிற்று! விசயாலயன் மேனியில் 96 புண்கள் என்று ஒட்டக்கூத்தர் தம் உலாவில் எண்ணிவைத்தார். கல்கி தம் பெரிய பழுவேட்டரையருக்கு 64 புண்கள் தந்தார். இத்தனை புண்பட்டும் ஒருவன் பிழைத்தான் எனில், அவனைப் பிழைக்க வைத்த கை ஒன்று இருந்திருக்க வேண்டுமே!

அந்தக் கையைக் காட்டும் கலை ஒன்று மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. பழங்காலத்து உடையும் கருவியும் பூண்டு, அக்காலத்துச் செயல்களை மக்கள் முன் செய்துகாட்டுவது. அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–65) இவ்வாறு ஆண்டுதோறும் நடத்திக்காட்டுகிறார்கள். போர்க்கள மருத்துவமும் அதில் ஒரு பகுதி. மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடரிக் நகரில் அப்போரின் மருத்துவத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அன்டீட்டம் களத்தில் 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். அங்கே காயம்பட்டோரை வண்டிகளில் முறையாக அப்புறப்படுத்த ஜோனதன் லெட்டர்மன் என்னும் மருத்துவர் வகுத்த ஏற்பாடு பின்னர் பல படைகளுக்கும் பாடமாயிற்று.

இக்கலையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கூட்டம் விரும்புவது ரம்பத்தையும் அலறலையும். தோட்டாவைப் பல்லிடுக்கில் கடித்தபடி கால் அறுக்கப்படும் வீரன் என்பது எல்லாரும் எதிர்பார்க்கும் காட்சி. உண்மையோ வேறு. அப்போரில் பெரும்பாலான அறுவைகள் குளோரோஃபார்ம் அல்லது ஈதர் கொடுத்து மயக்கியே செய்யப்பட்டன. அலறலைக் காட்டுகிறவன் கைதட்டல் பெறுகிறான், வரலாற்றை இழக்கிறான். சிவப்புச் சாயத்தைக் குறைத்து, துணியை எப்படி மடித்தார்கள், தூக்குக்கட்டிலை எத்தனை பேர் சுமந்தார்கள் என்று காட்டுகிறவனே நம் மதிப்புக்குரியவன்.

செய்துகாட்டுவோரில் இருவகையினர் உண்டு. ஒருவர் தம்மையே அக்காலத்து மருத்துவராகப் பாவித்து 'நான்' என்று பேசுவார். மற்றவர் அதே உடையில் நின்று 'அவர்கள் இவ்வாறு செய்தார்கள்' என்று விளக்குவார். நமக்கு ஏற்றது இரண்டாவதே. நபிமார்களையும் ஸஹாபாப் பெருமக்களையும் வேடமிட்டு நடிப்பதை நம் உலமாக்களில் மிகப் பலர் ஒப்புவதில்லை என்பது ஒரு காரணம். இலக்கியக் காரணமும் ஒன்றுண்டு. 'நான்' என்று பேசுகிறவனிடம் ஆதாரம் கேட்க இயலாது. 'அவர்கள்' என்று பேசுகிறவனிடம் கேட்கலாம். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இஸ்னாத் இல்லாத சொல் செவியில் ஏறாது!

அந்த ஆதாரம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. ஹிஜ்ரி 3இல், அதாவது 625இல், உஹதுக் களத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் காயமுற்றது. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொணர, ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள். நீர் ஊற்ற ஊற்ற இரத்தம் பெருகவே, பாய்த் துண்டொன்றை எரித்து அந்தச் சாம்பலை வைத்து நிறுத்தினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. அறிவித்தவர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி). காயத்துக்கு எதைக்கொண்டு மருந்திட்டார்கள் என்று பிற்காலத்தவர் அவரிடம் சென்று கேட்டார்கள். தம்மைவிட அதை நன்கறிந்தவர் எவரும் எஞ்சியிருக்கவில்லை என்று கூறியே அவர் விடை பகர்ந்தார். கேட்கும் நாட்டம் அன்றே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அகழ்ப்போரில் அம்புபட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பள்ளிவாசலிலேயே கூடாரத்தில் வைத்துக் கவனித்தார்கள். அது காயமுற்றோருக்கு ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி பணிபுரிந்த கூடாரம் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். படைப்போர்களை ராகமிட்டு ஓதக் கேட்ட நம் வீடுகளில் அலியாரின் வாள்வீச்சை அறியாத பிள்ளை இருந்ததில்லை. அதே அலியார் கேடயத்தில் நீர் சுமந்ததை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

தமிழிலும் தேடுவோர்க்குக் கிடைக்கும். காயத்தைத் தைக்கும் நெடிய வெள்ளூசியைப் பதிற்றுப்பத்தில் பரணர் பாடியிருக்கிறார். நீரில் மூழ்கி எழும் மீன்கொத்தியை அதற்கு உவமையாக்கினார். தைப்பதைப் பார்த்தறிந்த கண்ணுக்கே அந்த உவமை வாய்க்கும். புண்பட்டவன் வீட்டில் வேம்பு செருகி வெண்கடுகு சிதறிக் காஞ்சி பாடிக் காத்ததை அரிசில்கிழார் புறநானூற்றில் சொல்கிறார். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும், மருத்துவரையும், சல்லியக்கிரியை செய்பவரையும், மருந்து கொணர்வோரையும், பணிப்பெண்களையும் குறிக்கிறது. ஆனால் அது கோயிலையும் அதன் கல்விச்சாலையையும் சார்ந்தது; அதைச் சோழர் படை மருத்துவமனை என்று பெயர்ப்பலகை எழுதி நிறுத்துவது நேர்மையாகாது.

பழுவூரில் என்றேனும் இத்தகைய காட்சி நடக்குமாயின், வாள்களுக்கு நடுவே நீர் நிறைந்த ஒரு கேடயமும், ஓர் ஊசியும், வேப்பங்கொத்தும், அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியின் கருவிப் படங்களும் இருக்கட்டும். இராசராசன் ஆண்ட நாளில் அந்தலூசில் வாழ்ந்த அவர், தம் தஸ்ரீஃப் நூலின் 30ஆம் பகுதியில் அம்பு பிடுங்கும் முறையை எழுதி, கருவிகளை வரைந்தும் காட்டினார். காட்டுகிறவர் ஒன்றை மட்டும் விடாமல் சொல்ல வேண்டும்: பாய்ச்சாம்பல் அன்றைய மருந்து, இன்று அதைப் புண்ணில் வைக்கலாகாது, தூய துணியால் அழுத்திப் பிடித்து, 108க்குச் சொல்லி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடும் அரியலூர்ச் சாலைகளில், காட்சி பார்க்க வந்த பிள்ளைகளுக்கு அந்த அழுத்திப் பிடிக்கும் பாடத்தைக் கையைப் பிடித்தே கற்றுக்கொடுத்து அனுப்பலாம்.